வெப்பத்தை இடம் மாற்றும் நீர்: ஒரு சிறு கணினிப் பெட்டியின் வரலாறு

மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து மாதேசுவரன் மலை ஏறி, மறுபுறம் ஹனூர் நோக்கி இறங்கும் சாலையில் உள்ள ஊர் கௌதள்ளி. இவ்வூரை அப்போது உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரையில் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுடன் சென்றது. கன்னடமும் தமிழும் ஒருங்கே புழங்கும் இந்நிலப்பகுதிக்கு வடக்கே கணினித் தொழிலின் தலைநகரான பெங்களூரும், தெற்கே பம்புத் தொழிலின் தலைநகரான கோவையும் உள்ளன. இங்கே ஒரு மாணவர், பொழுதுபோக்காக, பத்து லிட்டர் கொள்ளளவுக்குள் அடங்கும் கணினிப் பெட்டியொன்றை நீர்க்குளிர்விப்புடன் வடிவமைக்க முற்படுகிறார் எனக் கொள்வோம். அவர் தாளில் எழுத வேண்டிய முதல் எண் எது? இக்கேள்விக்கு விடை காண, கணினிக்குள் நீர் நுழைந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் பெற்று வேறோரிடத்தில் சேர்ப்பிக்கிறது. அப்பணியில் காற்றைவிட அது எவ்வளவு வல்லது என்பதை எளிய கணக்கு காட்டும். ஒரே கன அளவுள்ள நீரும் காற்றும் ஒரே அளவு சூடேற வேண்டுமானால், நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்க வேண்டும். 300 வாட் வெப்பத்தை வெளியேற்ற, காற்று 10 பாகை சூடாகலாம் என வைத்துக்கொண்டால், நொடிக்கு 25 லிட்டர் காற்று வேண்டும். அதே 300 வாட்டை நிமிடத்திற்கு 4 லிட்டர் ஓடும் நீர், ஏறத்தாழ 1 பாகை மட்டுமே சூடாகிச் சுமந்து செல்லும். விரல் பருமனுள்ள குழாய் இதற்குப் போதும். இறுதியில் வெப்பம் அறைக்காற்றையே சேர்கிறது என்றாலும், சூடு பிறக்கும் இடத்தையும் சூடு வெளியேறும் இடத்தையும் பிரித்து வைக்கும் உரிமையை நீர் வடிவமைப்பாளருக்குத் தருகிறது.

இவ்வுரிமையை முதலில் பயன்படுத்தியவை அறையளவு எந்திரங்கள். 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் 360 வரிசையைச் சேர்ந்த பெரிய கணினிகளில், சுற்றுப்பலகைகளின் ஊடே வீசும் காற்றை வழியிலேயே குளிர்விக்க நீரோடும் வெப்பமாற்றிகள் வைக்கப்பட்டன. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 இன்னும் ஒருபடி சென்றது. உள்ளங்கை அளவுள்ள பீங்கான் தளமொன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் வில்சுருள் அழுத்தும் உலோக உருளை ஒன்று அமர்ந்தது. இடைவெளிகளை ஹீலியம் நிரப்பியது. மேலே நீரோடும் குளிர்த்தகடு மூடியது. சில்லுகளை நெருக்கி வைத்தால் குறிகைகள் விரைவாகச் செல்லும். நெருக்கினால் சூடு குவியும். இம்முரணைத் தீர்க்கவே நீர் வந்தது. நீர்க்குளிர்விப்பின் வரலாறு தொடக்கத்திலிருந்தே நெருக்கத்தின் வரலாறாக இருப்பதை இங்கே கவனிக்கலாம். 1976இல் லாஸ் ஆலமோஸ் ஆய்வகத்தைச் சென்றடைந்த கிரே-1 ஃபிரியான் வாயுவையும், 1985இன் கிரே-2 மின்கடத்தாத் திரவத்தில் சுற்றுகளையே மூழ்கவைக்கும் முறையையும் நாடியதற்கும் காரணம் இதுவே.

இந்தியா வேறு வழியில் சென்றது. 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கெனக் கேட்கப்பட்ட கிரே எந்திரத்தை அமெரிக்கா தர மறுத்தது. வானிலை ஆய்வுக்கெனத் திறன் குறைந்த ஒன்றையே அனுமதித்தது. 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991இல் உருவாக்கிய பரம் 8000, கணக்கீட்டைப் பல சிறு சில்லுகளுக்குப் பங்கிட்டளித்தது. வேலையைப் பங்கிட்டபோது வெப்பமும் பங்கிடப்பட்டது.

இதற்கிடையில், 1981இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் டக்கர்மேன், பீஸ் ஆகிய இருவரும் சிலிக்கானின் முதுகில் முடியளவு நுண்வாய்க்கால்களைக் குடைந்து, அவற்றில் நீரைச் செலுத்தினர். சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அகற்ற முடியும் என அவர்கள் காட்டினர். அன்றைய சில்லுகளுக்கு அத்தகைய தேவை இருக்கவில்லை. ஆயினும் நுண்வாய்க்கால் என்னும் அக்கருத்து பின்னர் எதிர்பாராத இடத்தில் உயிர்பெற்றது.

1990களின் நடுவில் பெருங்கணினிகள் இருமுனைச் சில்லுகளைக் கைவிட்டுக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் சில்லுகளுக்கு மாறின. குழாய்களும் கசிவு குறித்த அச்சமும் தேவையற்றுப்போயின. தொழில்நிறுவனங்கள் நீரைக் கைவிட்டன. நிறுவனங்களின் வரலாற்றை மட்டும் எழுதுவோர் இவ்விடத்தில் ஒரு வெற்றிடத்தைக் காண்பர். அவ்வெற்றிடம் உண்மையில் மக்களால் நிறைந்திருந்தது.

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி, 300 மெகாஹெர்ட்சில் விற்கப்பட்டாலும், பலரிடம் 450 மெகாஹெர்ட்சில் ஓடியது. கூடுதல் வேகத்தின் விலை கூடுதல் வெப்பம். அதனை அகற்றக் கடைகளில் எதுவும் கிடைக்காத நிலையில், பொழுதுபோக்காளர்கள் தம்மைச் சூழ்ந்திருந்த பொருட்களை எடுத்துக்கொண்டனர். பழைய கார்களின் உட்சூடேற்றி ரேடியேட்டராயிற்று. மீன்தொட்டி மோட்டார் நீரேற்றியாயிற்று. செப்புக் கட்டியைத் துளையிடும் எந்திரத்தில் குடைந்து குளிர்த்தகடு செய்தனர். வீட்டு வெந்நீர்ச் சுற்றுகளுக்காகச் செய்யப்பட்ட பம்புகள் பின்னர் இத்துறையின் தரநிலையாகவே மாறின. தகட்டினுள்ளே நேர்த்தியான துடுப்புகளை அறுக்கும் போக்கு வளர, டக்கர்மேனின் நுண்வாய்க்கால் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் பொருட்களோடு அறிவையும் உண்டாக்கினர். அலுமினிய ரேடியேட்டரையும் செப்புத் தகட்டையும் ஒரே நீரில் இணைத்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதைப் பலர் பணத்தை இழந்து கற்றனர். கற்றதை எழுதி வைத்தனர். சுற்றில் ரேடியேட்டர் முதலில் வரவேண்டுமா, செயலி முதலில் வரவேண்டுமா என்ற நெடிய விவாதத்தை அளவீடு முடித்துவைத்தது. நீர் ஒரு சுற்றில் 1 பாகையளவே சூடாவதால் வரிசை பெரும்பாலும் பொருட்டன்று. புதுமைகள் பல பயனர்களிடமே பிறக்கின்றன என்று எரிக் வான் ஹிப்பல் 1970கள் முதல் வாதிட்டுவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பின்னரே தொழில்துறை திரும்பிவந்தது. 2002இல் ஹிட்டாச்சி நீரால் குளிரும் மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. 2004இல் ஆப்பிளின் பவர்மேக் ஜி5 திரவக் குளிர்விப்போடு வந்தது. டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் பம்பையும் குளிர்த்தகட்டையும் ஒரே உறுப்பாக்கி, ஆலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட தொகுப்புகளைப் பெருமளவில் செய்தது. 2008இல் ஐ.பி.எம். தன் பவர் 575 எந்திரத்தில் நீரை மீண்டும் ஏற்றது.

இவ்வேளையில் பொழுதுபோக்கின் இலக்கும் மாறியது. வேகத்தின் இடத்தைச் சிறுமை பிடித்தது. 2001இல் வியா நிறுவனம் முன்வைத்த மினி-ஐ.டி.எக்ஸ். தாய்ப்பலகை 17 சென்டிமீட்டர் சதுரமே. ஆனால் அதனைத் தாங்கும் பெட்டிகள் நெடுங்காலம் பெரியனவாகவே இருந்தன. ஆர்வலர் இருவர் பலரது திருத்தங்களைக் கேட்டு வரைந்த என்கேஸ் எம்1, 2013இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி உற்பத்திக்கு வந்தது, கொள்ளளவு 12.6 லிட்டர். 2016இல் ஜெர்மனியிலிருந்து வந்த டான் ஏ4 வெறும் 7.2 லிட்டர். தாய்ப்பலகையும் வரைகலை அட்டையும் முதுகோடு முதுகாக நிற்கும் அதன் அமைப்பைப் பின்வந்த பலர் ஏற்றனர். இரண்டையும் தாய்வானின் லியான் லி ஆலை வார்த்துத் தந்தாலும், வடிவம் பிறந்தது ஆர்வலர் கையில்.

சிறு பெட்டியில் நீர் ஏன் பொருந்துகிறது என்பது முதலில் விளங்காது. குழாய், பம்பு, நீர்த்தொட்டி என உறுப்புகள் கூடத்தானே செய்கின்றன? விடை ஐ.பி.எம். 3081இல் கண்டதே. வரைகலை அட்டையின் பருமனில் பெரும்பகுதி அதன் காற்றுத் துடுப்புகளும் விசிறிகளும். நீர்த்தகடு பொருத்தினால் மூன்று இடம் பிடித்த அட்டை ஓரிடத்தில் அடங்கும். விடுபட்ட இடத்தில் ரேடியேட்டர் அமரும். மொத்தப் பொருள் குறைவதில்லை. சிதறிய வெற்றிடங்கள் ஒன்று திரட்டப்படுகின்றன.

இதற்கு ஈடாக வடிவமைப்பாளர் பல சிக்கல்களை ஏற்கிறார். காற்றுக்குமிழி மேலேறும் இயல்புடையது. ஆகவே நீர் நிரப்பும் வாய் சுற்றின் உச்சியில் இருக்க வேண்டும். வடிகால் அடியில் இருக்க வேண்டும். பம்பு ஒருபோதும் வறண்டு ஓடக்கூடாது. குழாய் மடிந்து அடைபடாமல் வளைய இடம் வேண்டும். ரேடியேட்டர் வெளியிடும் சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுழன்றால், மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அதில் வேகும். பெட்டியைக் கழற்றாமல் எந்த இணைப்பையும் திருகி இறுக்க இயலுமா என்பதே வடிவமைப்பின் இறுதித் தேர்வு.

இப்போது கௌதள்ளி மாணவரின் தாளுக்குத் திரும்பலாம். அவர் எழுத வேண்டிய முதல் எண் அறை வெப்பநிலை. வடநாடுகளில் வெளியாகும் அளவீடுகள் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டிய அறையில் எடுக்கப்பட்டவை. இரு 120 மில்லிமீட்டர் விசிறிகள் கொண்ட ரேடியேட்டர் 300 வாட்டை வெளியேற்றும்போது நீர் அறையைவிட 12 பாகை கூடுதலாகவும், செயலி நீரைவிட 30 பாகை கூடுதலாகவும் இருப்பதாகக் கொள்வோம். அங்கே நீர் 32, செயலி 62. சித்திரை வெயிலில் 36 பாகை நிலவும் அறையில் அதே பெட்டியின் நீர் 48, செயலி 78. இத்துறையில் பரவலாகப் புழங்கும் பம்புகளின் நீர் வெப்ப வரம்பு 60 பாகை. எஞ்சும் இடைவெளி 12 மட்டுமே. எவ்வளவு செலவிட்டாலும் நீர் அறைவெப்பத்திற்குக் கீழே இறங்காது. அந்த 12ஐ 6 ஆக்க ஏறத்தாழ இரட்டிப்பு ரேடியேட்டர் தேவை. விசிறியோடு சேர்ந்த ஒரு ரேடியேட்டர் 1.7 லிட்டர் இடம் கொள்ளும். ஆகவே பத்து லிட்டர் பெட்டி இங்கே பன்னிரண்டு லிட்டரை நெருங்க வேண்டும். அல்லது மின்சாரப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இறக்குமதியான வரைபடத்தை அப்படியே பின்பற்றுவோர் அடையும் தோல்விக்கு அவர்களது கைத்திறன் காரணமன்று. அவ்வரைபடம் வேறொரு தட்பவெப்பத்திற்காக எழுதப்பட்டது.

பெங்களூரின் பெரிய எந்திரமும் இதே உண்மையை ஏற்றே அமைந்துள்ளது. 2022இல் இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃபிளாப் திறனுள்ள பரம் பிரவேகா, வெதுவெதுப்பான நீரைச் சில்லுகளின் அருகே நேரடியாகச் செலுத்தும் வகையைச் சேர்ந்த அட்டோஸ் எந்திரம். சில்லுக்குக் குளிர்ந்த நீர் வேண்டியதில்லை. தன்னைவிடக் குளிர்ந்த நீர் போதும் என்பதே அதன் அடிப்படை. பெருங்கணினி மையமும் சிறு பெட்டியும் ஒரே சமன்பாட்டில் நிற்கின்றன.

அச்சமன்பாட்டை நம் நிலத்திற்கு ஏற்பத் தீர்க்கும் வசதிகள் இப்பகுதியைச் சுற்றியே உள்ளன. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தபின் வளர்ந்த கோவைப் பட்டறைகளுக்கு நீரேற்றும் நுட்பம் கைவந்த கலை. பெங்களூர் பீன்யாவின் தொழிற்கூடங்கள் அலுமினியத் தகடு வெட்டித் தருகின்றன. எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிகள் கிடைக்கின்றன. கிடைக்காதது ஒன்றே: நம் அறைகளின் வெப்பத்தில், நம் தூசியில், நம் மின்வெட்டுகளுக்கு நடுவே எடுக்கப்பட்ட அளவீடுகளின் தொகுப்பு.

தொழில்நுட்ப வரலாற்றாளர் கவலைகொள்ள வேண்டிய இடமும் இதுவே. ஐ.பி.எம். 3081இன் வரைபடங்கள் ஆவணக்காப்பகங்களிலும் ஆய்விதழ்களிலும் பத்திரமாக உள்ளன. கார் சூடேற்றியையும் மீன்தொட்டி மோட்டாரையும் இணைத்தவர்களின் குறிப்புகளும் நிழற்படங்களும் அவற்றை ஏந்திய இணையதளங்கள் மூடப்படும்போது உடன் மறைகின்றன. நீர் மீண்டும் தொழில்துறைக்கு வந்ததை நிறுவனங்களின் சாதனையாக மட்டும் எழுதும் வரலாறு, சான்று இல்லாமற்போனதால் வெல்லும் வரலாறாகிவிடும். கௌதள்ளியில் ஒருவர் பெட்டி செய்து முடித்தால், அறை வெப்பம், நீர் வெப்பம், செயலி வெப்பம், நாள் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாராக. பெட்டி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அந்த நான்கு எண்களோ அடுத்த பெட்டியின் முதல் வரியாக நிற்கும்.