ஆற்றுக்காக வந்த சாலை: நியூயார்க் பூங்காச் சாலைகளின் தோற்றமும் திரிபும்

நியூயார்க் மாநிலத்தின் பூங்காச் சாலைகள் மோட்டார் வண்டிகளின் உலாவுக்கென்றே பிறந்தவை என்னும் பொதுக்கருத்து, அவற்றுள் முன்னோடியான பிராங்க்ஸ் ஆற்றுப் பூங்காச் சாலையின் வரலாற்றோடு பொருந்துவதில்லை. ‘பார்க்வே’ எனப்படும் பூங்காச் சாலை, 1860களில் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் வகுத்த கருத்தின்படி, பூங்காவையும் குடியிருப்புகளையும் இணைத்து மரநிழலில் குதிரைவண்டிகள் செல்வதற்கான அகன்ற வீதியாகும். ஆனால், 1907இல் சட்டத்தின் வழி நிறுவப்பட்ட பிராங்க்ஸ் ஆற்று ஆணையத்தின் முதற்கவலை வீதியன்று, ஆறே. வெஸ்ட்செஸ்டர் ஊர்களின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து, விலங்குக்காட்சிசாலையின் ஊடாக நாற்றமெடுத்து ஓடிய அந்த ஆற்றைக் காக்க, ஆணையம் இரு கரைகளின் நிலத்தையும் வாங்கி, கட்டடங்களையும் விளம்பரப் பலகைகளையும் அகற்றி, மரங்களை நட்டது. அந்தப் பசுமைப் பட்டைக்குள் அமைந்த சாலை 1925இல் நிறைவுற்றது.

இதன் சட்ட அடிப்படை தனிக் கவனத்திற்குரியது. பொதுச்சாலையின் ஓரத்தில் நிலம் உடையவருக்கு அச்சாலையில் நேராக நுழையும் உரிமை உண்டு. பூங்காச் சாலையோ பூங்கா நிலத்திற்குள் கிடப்பதால் அவ்வுரிமை எழுவதில்லை, ஆகவே கடைகளும் ஓரத்தில் முளைப்பதில்லை. வணிக வண்டிகளுக்குத் தடை, சந்திப்புகளைத் தவிர்க்கும் கல்முகப்புப் பாலங்கள் ஆகியவையும் சேர்ந்து, பிற்கால விரைவுச்சாலையின் இலக்கணம் இங்கே உருவாகத் தொடங்கியது எனலாம்.

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையிலும் பாதுகாப்பே முந்தியது. பாலிசேட்ஸ் செங்குத்துப் பாறைகளைச் சாலைக்கல்லுக்காக வெடிவைத்து உடைத்த கல்குவாரிகளுக்கு எதிராக நியூஜெர்சி மகளிர் சங்கங்கள் எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாக, 1900இல் இரு மாநிலங்களும் இணைந்து பூங்கா ஆணையம் அமைத்தன. குவாரியொன்றை விலைக்கு வாங்கி மூடுவதற்கு ஜே.பி. மார்கன் பணம் அளித்தார். 1910இல் ஹாரிமன் குடும்பம் 10,000 ஏக்கர் நிலத்தை வழங்கியது, சிறைச்சாலைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த பேர் மவுண்டன் பூங்காவானது. அங்கே பாலிசேட்ஸ் பூங்காச் சாலை முழுமை பெற்றது 1958இல்தான்.

பாதுகாப்பு முன், சாலை பின் என்னும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ராபர்ட் மோசஸ். 1924இல் ஆளுநர் ஆல் ஸ்மித்தின் காலத்தில் தோன்றிய லாங் ஐலண்ட் மாநிலப் பூங்கா ஆணையத்தின் தலைவரான அவர், அதற்கு நிலம் கையகப்படுத்தும் விரிவான அதிகாரத்தைத் தந்த சட்டத்தைத் தாமே வரைந்தார். தாழ்ந்த மணல்திட்டாகக் கிடந்த ஜோன்ஸ் பீச், வளைகுடா மணலைத் தூர்வாரிக் கொட்டி உயர்த்தப்பட்டு, மணல் பறக்காதிருக்கப் புல் நடப்பட்டு, 1929இல் திறக்கப்பட்டது. அதற்கு மக்களைக் கொண்டுசேர்க்கும் பூங்காச் சாலைகளும் உடன் எழுந்தன. கடற்கரை பொதுச்சொத்தானது உண்மை. எனினும் அச்சாலைகள் கார் உடையவருக்கே பயன்பட்டன. பேருந்து நுழைய இயலாத தாழ்வான பாலங்கள் ஏழைகளையும் கறுப்பினத்தாரையும் விலக்கவே கட்டப்பட்டன என்று மோசஸின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் காரோ 1974இல் எழுதினார். வணிக வண்டிகள் எப்படியும் தடைசெய்யப்பட்டிருந்தமையால் பாலத்தின் உயரம் மட்டும் சான்றாகாது என்பது மறுதரப்பு. உள்நோக்கம் குறித்த வழக்கு தீராவிடினும், விளைவு குறித்து ஐயமில்லை. 

1937இல் மோசஸ் திறந்த ஹென்றி ஹட்சன் பூங்காச் சாலையில், சாலையே முந்தும் இத்திரிபு முழுமை பெற்றது. மன்ஹாட்டனின் ஹட்சன் கரையை ஒட்டிச் செல்லும் அச்சாலை, ரிவர்சைடு பூங்காவுக்கு நிலம் கூடுவதற்கு வழிசெய்த அதே திட்டத்தின் பகுதியாகவே பல இடங்களில் பூங்காவுக்கும் நீருக்கும் இடையில் புகுந்துகொண்டது. வடக்கே இன்வுட் ஹில் பூங்காவின் காட்டையும் ஊடறுத்துச் சென்றது.