கதையைக் கணக்காக்கிய வாசகர்கள்

சென்ற ஆண்டு ஒரு நாள், முதலாண்டு மாணவர்களுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் பாடப்புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி உலகையே மறந்து படித்துக்கொண்டிருந்தான். இயற்பியல் புத்தகத்தை அவ்வளவு ஆவலுடன் யாரும் படித்து நான் கண்டதில்லை. அருகில் சென்று பார்த்தபோதுதான் உள்ளே ஒரு மர்ம நாவல் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். "இதையெல்லாம் படித்தால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

அன்றிரவு அந்த நாவலைச் சும்மா புரட்டிப் பார்ப்போம் என்று எடுத்தவன், முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன். படுத்த பிறகு ஓர் உறுத்தல். காலையில் நான் நடத்திய அதே மூன்றாம் விதியைக் கொண்டு விண்வெளிக்கு வழி கண்டவர்கள் மூவர். அவர்கள் மூவருமே இளமையில் கதைப் புத்தகப் பித்தர்கள். அந்த வரலாற்றை அறிந்திருந்தும் நான் அவனைக் கடிந்தது சரிதானா?

அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

பீரங்கிக் குண்டில் ஒரு பயணம்

1865ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் ஒரு தொடர்கதை வெளியாயிற்று. எழுதியவர் ஜூல்ஸ் வெர்ன். 1828இல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்து, சட்டம் படித்து, கதை எழுத வந்தவர். கதையின் பெயர் 'பூமியிலிருந்து சந்திரனுக்கு'.

போர் முடிந்ததால் வேலையற்றுப்போன பீரங்கி நிபுணர்கள் பால்டிமோர் நகரில் கூடுகிறார்கள். சுடுவதற்கு எதிரி இல்லை. எனவே சந்திரனையே குறிவைத்துச் சுடுவது என்று முடிவு செய்கிறார்கள். ஃப்ளோரிடாவில் 900 அடி நீளமுள்ள பீரங்கியை நிலத்துக்குள் செங்குத்தாக வார்க்கிறார்கள். 4 லட்சம் பவுண்டு வெடிபஞ்சை நிரப்புகிறார்கள். அலுமினியத்தால் ஆன குண்டுக்குள் மூன்று மனிதர்கள் ஏறிக்கொள்கிறார்கள். குண்டு விநாடிக்கு 12,000 கஜ வேகத்தில், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப் புறப்படுகிறது!

அந்த மூவர் கதி என்னவாயிற்று? குண்டு சந்திரனில் இறங்காமல் அதைச் சுற்றத் தொடங்கிவிட்டது என்ற இடத்தில் வெர்ன் கதையை நிறுத்திவிட்டார். 1869இல் இரண்டாம் பாகம் வரும்வரை வாசகர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெர்னின் வாசகர்களுக்கு இருந்த ஆர்வம் சாதாரணமானதன்று. அவருடைய 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' என்ற கதை 1872இல் தொடராக வந்தது. அதில் சொன்னபடி உண்மையிலேயே முடியுமா என்று பார்க்க, நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பெண் நிருபர் 1889 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். வழியில் பிரான்சில் வெர்னையே நேரில் சந்தித்தார். கொழும்பில் கப்பலுக்காகச் சில நாட்கள் காத்துக்கிடந்தார். கடைசியில் 72 நாட்களில் உலகைச் சுற்றி முடித்தார். கதையில் வந்ததைச் செய்து பார்த்துவிடத் துடிக்கும் வாசகர் கூட்டம் அது.

ஆனால் சந்திரனுக்கு எப்படிப் போய்ப் பார்ப்பது? முதலில் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பூமியின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருள் விடுபட விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வெர்ன் கொடுத்த வேகம் இதற்கு மிக அருகில் இருப்பதைக் காணுங்கள். ஊகத்தில் எழுதியவர் அல்லர் அவர்.

இடறியது வேறோர் இடத்தில். 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். அந்தச் சிறு தூரத்துக்குள் குண்டு சுழி வேகத்திலிருந்து விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் படித்த சமன்பாடுதான்: வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். வகுத்துப் பார்த்தால் விடை புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 22,500 மடங்கு! 50 கிலோ எடையுள்ள மனிதர் அந்த இருபதில் ஒரு பங்கு விநாடி நேரத்தில் 1,100 டன்னுக்கு மேல் கனப்பார். பயணிகளைக் காக்க வெர்ன் குண்டின் அடியில் தண்ணீர் மெத்தை அமைத்திருந்தார். தண்ணீர் என்ன, எந்த மெத்தையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

சரி, மனித உடல் தாங்கும்படி புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு முடுக்கம் போதும் என்று வைத்துக்கொண்டால் பீரங்கி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? சுமார் 1,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய் மீண்டும் சென்னை திரும்பும் தூரத்தைவிட அதிகம்!

இந்தக் கணக்கைப் போட்டவுடன் கதை பொய் என்று புத்தகத்தை மூடிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்திருப்பார்கள். சிலர் மட்டும், "பீரங்கி உதவாது என்றால் வேறு எது உதவும்?" என்று கேட்டார்கள்.

செவி கேளாத ஆசிரியர்

முதலாமவர் ரஷ்யாவைச் சேர்ந்த கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி. 1857இல் பிறந்தவர். பத்து வயதளவில் வந்த கடும் காய்ச்சலால் செவிப்புலனை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. பதினாறாம் வயதில் மாஸ்கோவுக்குச் சென்று, பெரும்பாலும் ரொட்டியைத் தின்றே காலந்தள்ளி, நூலகத்தில் தாமாகவே கணிதமும் இயற்பியலும் கற்றார். பிறகு சிறு நகரங்களில் பள்ளி ஆசிரியரானார்.

விண்வெளிப் பயணத்தைப் பற்றிய எண்ணத்தின் முதல் விதையைத் தம் மனத்தில் விதைத்தவர் வெர்னாகவே இருக்க வேண்டும் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1903இல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் ராக்கெட்டைக் கொண்டு விண்வெளியை அடையும் கணக்கு முறையாக வந்தது.

அதன் சாரத்தை எளிதில் விளக்கலாம். ராக்கெட் எரிவாயுவைப் பின்னோக்கி உமிழ்கிறது. வாயு ராக்கெட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. வாயு விநாடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். எரிபொருள் தீரத் தீர ராக்கெட்டின் எடை பாதியாகும் ஒவ்வொரு முறையும் அதன் வேகத்தில் சுமார் 2.8 கிலோமீட்டர் கூடும். 16 டன் ராக்கெட் 8 ஆகி, 4 ஆகி, 2 ஆகி, 1 டன்னாகும்போது எடை நான்கு முறை பாதியாகிவிட்டது. காற்றுத் தடையையும் ஈர்ப்பால் ஏற்படும் இழப்பையும் விட்டுவிட்டுப் பார்த்தால், வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது! வெர்னின் பீரங்கி நொடிக்குள் தந்த வேகத்தை ராக்கெட் பல நிமிடங்களில் மெல்ல மெல்லத் தருகிறது. உள்ளிருப்பவர் நசுங்குவதில்லை.

மனப்பாடம் செய்த பையன்

இரண்டாமவர் ஹெர்மன் ஓபெர்த். இன்று ருமேனியாவில் உள்ள திரான்சில்வேனியாவில் 1894இல் பிறந்தவர். பதினோரு வயதளவில் வெர்னின் இரு சந்திரக் கதைகளும் அவர் கைக்குக் கிடைத்தன. மனப்பாடம் ஆகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தார். மேலே நாம் போட்ட கணக்கைப் போன்ற ஒன்றை அந்தச் சிறுவனும் போட்டுப் பார்த்து, பீரங்கியில் போனால் பயணிகள் பிழைக்கமாட்டார்கள் என்று கண்டுகொண்டான்.

பிற்காலத்தில் ராக்கெட்டைப் பற்றி அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் 1922இல் ஏற்க மறுத்தது. மனம் தளராமல் 1923இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். அவரும் பல ஆண்டுகள் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர்தாம்.

செர்ரி மரத்தின் மேல்

மூன்றாமவர் அமெரிக்கர் ராபர்ட் கொடார்ட். அவரை மயக்கிய கதை எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்'. செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின்மீது படையெடுக்கும் கதை அது. 1898இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்று அதைத் தொடராக வெளியிட்டது. பரபரப்புக்காக, லண்டனில் நிகழும் கதையைப் பாஸ்டன் சுற்றுப்புறத்தில் நிகழ்வதாக மாற்றியும் விட்டது!

அடுத்த ஆண்டு, 1899 அக்டோபர் 19 அன்று, பதினேழு வயது கொடார்ட் காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக வீட்டுத் தோட்டத்துச் செர்ரி மரத்தில் ஏறினார். மேலிருந்து வயல்வெளியைப் பார்த்தபோது, செவ்வாய்க்குப் போகக்கூடிய ஒரு பொறியைச் செய்ய முடிந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் தோன்றிற்று. மரத்தைவிட்டு இறங்கியபோது தாம் வேறு ஆளாகியிருந்ததாக அவர் எழுதினார். அந்த நாளை ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கொண்டாடியும் வந்தார்.

இயற்பியல் பேராசிரியரான கொடார்டை 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு கேலி செய்தது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறும், பள்ளிப்பாடம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்ற பொருளில் தலையங்கம் எழுதியது. ராக்கெட் காற்றை உதைப்பதில்லை. தன் வாயுவையே உதைக்கிறது. மூன்றாம் விதியைத் தவறாகப் படித்தவர் தலையங்கம் எழுதியவர்தாம். 1926 மார்ச் 16 அன்று பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் எரித்து உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைக் கொடார்ட் பறக்கவிட்டார். அது பறந்தது இரண்டரை விநாடி. எட்டிய உயரம் 41 அடி.

அந்த நாளேடு தன் பிழையைத் திருத்திக்கொண்டது 1969 ஜூலை 17 அன்று. அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள். அப்போது கொடார்ட் இறந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் 75 வயது ஓபெர்த் அந்தப் புறப்பாட்டை நேரில் கண்டார். பூமிக்குத் திரும்பும் வழியில் ஒலிபரப்பில் பேசிய ஆம்ஸ்ட்ராங், வெர்னின் கதையை நினைவுகூர்ந்தார்.

மறைக்கக்கூடாத பக்கம்

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் வரலாறு அப்படி இல்லை.

ஓபெர்த்தின் புத்தகத்தை ஆவலுடன் வாங்கிய ஜெர்மன் மாணவன் ஒருவன் அதிலிருந்த சமன்பாடுகள் புரியாமல் திகைத்தான். கணக்கில் மிகவும் பின்தங்கியவன் அவன். அந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்வதற்காகவே கணிதத்தை விழுந்து விழுந்து படித்துத் தேறினான். அவன்தான் வெர்னர் ஃபான் பிரவுன். அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய குழுவின் தலைவர். ஆனால் அதற்கு முன்பு அவர் உருவாக்கியது ஹிட்லரின் வி-2. 1944 செப்டம்பர் முதல் அது லண்டன்மீது விழுந்து மக்களைக் கொன்றது. அதைச் செய்த சுரங்கத் தொழிற்சாலையில் அடிமைகளாக உழைத்த கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

வெர்னின் கதையில் பீரங்கி செய்தவர்கள் சந்திரனைக் குறிவைத்தார்கள். வரலாற்றில் சந்திரனைக் கனவு கண்டவர் நகரங்களைக் குறிவைக்கும் கருவி செய்தார். கணக்கு, ராக்கெட் போகுமா என்பதற்கு விடை சொல்லும். யார்மீது போய் விழுகிறது என்பதை மனிதன்தான் கேட்க வேண்டும். வெர்னும் வெல்ஸும் அறிவியலின் அழிவுச் சக்தியைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கங்களை வாசகர்கள் வேகமாகப் புரட்டிவிட்டார்கள் போலும்.

மீண்டும் வகுப்பறையில்

கதை படித்தவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் ஆகிவிடவில்லை. வெர்னைப் படித்தவர்கள் லட்சக்கணக்கானோர். ராக்கெட் கணக்கைப் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆயினும் அந்தச் சிலருக்குக் கணக்குப் போட வேண்டும் என்ற ஆசையைக் கொடுத்தது பாடப்புத்தகமன்று, கதைதான்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்தது தவறு என்றும் சொன்னேன். கூடவே ஒரு கணக்கும் கொடுத்தேன். கதாநாயகன் ஐந்தாவது மாடியிலிருந்து, நின்றிருந்த லாரிமேல் குதித்துத் தப்பி ஓடுகிறானே, அது நடக்குமா என்று பார்த்துவரச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளுடன் வந்தான். உயரம் 15 மீட்டர். விழும்போது வேகம் விநாடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். லாரியின் தகரக் கூரை 5 சென்டிமீட்டர் நெளிந்து நிறுத்தினால் உடலின்மீது அதன் எடையைப் போல் 300 மடங்கு விசை.

"பிழைக்கமாட்டான் சார். ஆனால் அது வைக்கோல் லாரியாக இருந்து ஒரு மீட்டர் அமுங்கிக் கொடுத்தால் ஏறக்குறைய 15 மடங்குதான். பிழைக்க வழி இருக்கிறது. கதாசிரியர் அங்கே ஒரு வரி சேர்த்திருக்கலாம் சார்" என்றான்.

அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு முடுக்கம் பற்றிய பாடத்தை அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.