ஸாஹிராவுக்கு வந்த கலகெதர மனிதர்



ஒரு பாடசாலையில் அதிபர் வெற்றிடம் வந்துவிட்டால் நம் ஊர்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்த ஊர் ஆள்? யாருடைய சொந்தம்?" என்பதுதான். தகைமை, அனுபவம், சேவைத் தரம் எல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. யாரோடும் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. நூறு வருடங்களுக்கு முன்னர் நம் சமூகம் மிகவும் சோர்ந்து போயிருந்த நேரத்தில் இதே கேள்விக்கு என்ன பதில் சொன்னது என்று பார்ப்போம்.

மாத்தளை ஸாஹிராவின் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் போய் வருகிறோம். அந்தப் பெயரின் வேர் கொழும்பு மருதானையில் இருக்கிறது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, நாடு கடத்தப்பட்டு இங்கு வந்திருந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் முயற்சியால் 1892 ஆகஸ்ட் மாதம் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. 1898 இல் சித்திலெப்பை வபாத்தானார். 1901 இல் ஒராபி பாஷா எகிப்துக்குத் திரும்பினார். தூக்கி நிறுத்தியவர்கள் போன பின் பாடசாலை ஏதோ நடந்தது, அவ்வளவுதான்.

அதன் மேல் 1915 வந்தது. அந்த வருடம் மே மாதக் கடைசியில் மலைநாட்டில் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. மாத்தளையும் தப்பவில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிறகு பிரிட்டிஷ் அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்கள மக்கள் மீது காட்டிய கொடுமை வேறு. இரு பக்கமும் மனம் கசந்து போயிருந்தது. 2018 மார்ச் மாதத் திகன நாட்களையும் 2019 ஏப்ரலுக்குப் பின்னரான மாதங்களையும் பார்த்த நமக்கு அந்தக் கசப்பை விளக்கத் தேவையில்லை.

ஆறு வருடம் கழித்து, 1921 இல், ஸாஹிராவுக்கு ஓர் அதிபர் தேவைப்பட்டார். அப்போதைய முகாமையாளர் என்.எச்.எம். அப்துல் காதர் தரப்பினர் தேடிப் பிடித்தது துவான் புர்ஹானுதீன் ஜாயாவை. நம் பக்கத்து மாவட்டக் கலகெதரயில் 1890 இல் பிறந்தவர். மலாய்க்காரர். பாடசாலையை நடத்தியவர்களோ பெரும்பாலும் சோனகர்கள். அதற்கும் மேலாக, கண்டி தர்மராஜவிலும் கொழும்பு ஆனந்தாவிலும் சிங்களப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். இரண்டுமே பௌத்தப் பாடசாலைகள். இன்று இப்படி ஒரு பெயர் முன்மொழியப்பட்டால் நம் கூட்டங்களில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜாயா பொறுப்பேற்ற நாளில் அங்கு அறுபது மாணவர்கூட இருக்கவில்லை. ஆசிரியர்களும் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். இங்கிலீசுப் படிப்பு பிள்ளைகளின் மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்த பெற்றோர் ஒரு பக்கம். வசதி இருந்தும் மகனைக் கடையில் உட்கார வைத்தால் போதும் என்று நினைத்தவர்கள் மறுபக்கம். இருபத்தாறு வருடங்களுக்கு மேல் அவர் அந்தக் கதிரையில் இருந்தார். சிங்கள, தமிழ் மாணவர்களும் சேர்ந்தார்கள். 1924 இல் சட்டசபைக்கும், 1936 இல் அரசாங்க சபைக்கும் போனார். அரசியலும் அதிபர் வேலையும் ஒன்றாக நடந்தன. இது எல்லோருக்கும் சரிவரும் வழி என்று நாம் சொல்லமாட்டோம், ஆனால் அவருக்குச் சரிவந்தது.

நமக்கு முக்கியமானது அவர் கொழும்போடு நின்றுவிடாததுதான். அளுத்கம, புத்தளம், கம்பளை, மாத்தளை என்று ஸாஹிராவின் கிளைகள் அவர் காலத்தில் திறக்கப்பட்டன. அந்தக் காலம் சாதாரணமானதும் அல்ல. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. கொழும்புப் பாடசாலைகள் பலவற்றின் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. விசாகா வித்தியாலயப் பிள்ளைகள் பண்டாரவளைக்குப் போனார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் கூப்பன். கையில் இருக்கும் பாடசாலையைக் காப்பாற்றினாலே பெரிது என்று எந்த அதிபரும் சொல்லியிருக்கலாம்.

அதே 1942 இல் இன்னொருவர் கல்முனைக்குப் போனார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். உணவு உற்பத்தியைக் கூட்ட உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர், அங்கே நெல்லோடு சேர்த்துப் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்தார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியம் அவர் முயற்சியில் உருவானது. 1948 இல், நாடே ஆசைப்பட்ட அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவின் அதிபரானார். சிவில் சேவையிலிருந்து பாடசாலைக்கு! இதை நம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம்தான். 1961 வரை இருந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது, எரிபொருள் இல்லாமல் பாடசாலை நாட்கள் குறைந்தன. மலையோரப் பாடசாலைகளில் சிக்னல் கிடைக்கும் கல்லைத் தேடி ஏறிய பிள்ளைகளை நாம் கண்டோம். போட்டோகொபிக்குத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்த அதிபர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் பதில் கடமை பார்த்தவர்கள், நிரந்தர நியமனம்கூட இல்லாதவர்கள். யாருக்கும் மாலை போடப்படவில்லை.

ஜாயா பிறகு தொழில், சமூக சேவைகள் அமைச்சராகவும் பாகிஸ்தானுக்கான நம் முதல் உயர் ஸ்தானிகராகவும் இருந்தார். 1960 மே 31 ஆம் திகதி மதீனாவில் வபாத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு வேண்டுகோள். மாத்தளை, உக்குவெல, றத்தோட்ட, கலேவெல பக்கப் பழைய பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகம், அனுமதிப் பதிவேடு, 1940களின் போட்டோ ஏதாவது உங்கள் வீட்டு அலுமாரிகளில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களுக்கு அறிவியுங்கள், வந்து படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். 2020, 2022 இல் நம் அதிபர்கள் எழுதிய பக்கங்களையும் சேர்த்தே கேட்கிறோம்.