ஒரு சொடுக்கின் விலை: இணைய விளம்பர வருமானத்தின் கதை

1994 அக்டோபர் 27. அமெரிக்காவின் 'வயர்டு' பத்திரிகைக்காரர்கள் 'ஹாட்வயர்டு' என்ற இணையத்தளத்தைத் திறந்தார்கள். அதன் பக்கங்களில் நீளப் பட்டைகளாகச் சில விளம்பரங்கள் இருந்தன. அவற்றில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் பேனர் புகழ்பெற்றது. மூன்று மாதத்துக்குக் கட்டணம் 30,000 டாலர் என்றும், பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதைச் சொடுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். இன்று சாதாரண பேனருக்கு ஆயிரம் பார்வைக்கு ஒன்றிரண்டு சொடுக்கு கிடைத்தாலே அதிகம்! இடையில் என்னதான் நடந்தது?

தொடக்கத்தில் கணக்குமுறை பத்திரிகை உலகிலிருந்து வந்தது. இடத்துக்கு வாடகை, அல்லது ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விலை. விளம்பரம் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் தளத்துக்குப் பணம் வந்துவிடும். நஷ்டம் வந்தால் அது விளம்பரதாரர் தலையில். 1996ல் சோப்பு வியாபாரத்தில் பெரும்புள்ளியான ப்ராக்டர் அண்ட் கேம்பிள் இதை மாற்றப் பார்த்தது. யாராவது சொடுக்கினால் மட்டுமே பணம் என்று யாகூவிடம் பேசி முடித்தது. சின்ன மாற்றம்தான். ஆனால் நஷ்டம் வரும் அபாயம் அன்றிலிருந்து விளம்பரதாரரிடமிருந்து தளத்தை நோக்கி நகரத் தொடங்கியது.

அமெரிக்க இணைய விளம்பர வருமானம் 1996ல் சுமார் 26.7 கோடி டாலர். 2000ல் சுமார் 810 கோடி. நாலே வருடத்தில் முப்பது மடங்கு! அடுத்து வந்தது சரிவு. 2001ல் 710 கோடி, 2002ல் 600 கோடி. காரணம் சிக்கலானதல்ல. அன்று விளம்பரம் கொடுத்தவர்களில் பலர் புதிதாய் முளைத்த இணைய நிறுவனங்கள்தான். முதலீட்டாளர் கொடுத்த பணத்தை ஒருவர் தளத்தில் இன்னொருவர் விளம்பரமாகக் கொட்டினார்கள். 2000 மார்ச்சுக்குப் பிறகு பங்குச்சந்தை விழுந்தது, முதலீடு நின்றது, விளம்பரமும் நின்றது.

மீட்சி வந்தது தேடுபொறிகள் வழியாக. 1998ல் பில் கிராஸ் தொடங்கிய 'கோடூ' தளம் தேடல் சொற்களை ஏலம் விட்டது. சொடுக்குக்கு அதிகம் தருபவருக்கு முதலிடம். கூகிள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது ஆயிரம் பார்வைக் கணக்கில்தான் விற்றது. 2002 பிப்ரவரியில் அதுவும் ஏலத்துக்கு மாறியது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. உதாரணமாக, ஒருவர் சொடுக்குக்கு 1 டாலர் தருகிறார், நூறு பேரில் ஒருவர் சொடுக்குகிறார். இன்னொருவர் 40 சென்ட்தான் தருகிறார், ஆனால் ஐந்து பேர் சொடுக்குகிறார்கள். முன்னவரால் கிடைப்பது 1 டாலர், பின்னவரால் 2 டாலர். எனவே பின்னவருக்கே மேலிடம்!

2003 ஜூனில் ஆட்சென்ஸ் வந்தது. விளம்பரதாரர் யாரையும் தெரியாத ஒரு தனிமனிதர்கூட, தன் பக்கத்தில் சில வரி நிரலை ஒட்டிவிட்டுப் பணம் பார்க்கலாம் என்ற நிலை பிறந்தது. பெரிய புரட்சிதான். ஆனால் விலை சொல்லும் உரிமை பக்கத்துக்காரர் கையில் இல்லை. விளம்பரதாரர் தரும் பணத்தில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்பதும் அவருக்குத் தெரியாது. 68 சதவீதம் என்று கூகிள் வெளிப்படையாகச் சொன்னது 2010 மே மாதத்தில்தான். கடன், காப்பீடு பற்றி எழுதினால் ஒரு சொடுக்குக்கு நல்ல விலை, கவிதை எழுதினால் சில்லறை. மொழியும் ஒரு தடை. இந்திக்கு 2014 டிசம்பரில் ஆதரவு கிடைத்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில். ஆட்சென்ஸ் பிறந்து பதினான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு!

2007ல் டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகிள் அறிவித்தது, 2008ல் வாங்கி முடித்தது. பின்னர் ஒவ்வொரு பார்வையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் போகத் தொடங்கியது. விலை பக்கத்துக்கு மட்டுமல்ல, அதைப் படிப்பவருக்கும் சேர்த்துத்தான். ஒரு நல்ல கட்டுரையைப் படித்தவரை, அடுத்த நிமிடம் வேறொரு மலிவான தளத்தில் குறைந்த விலைக்குப் பிடித்துவிடலாம் என்றால், கட்டுரைக்கு யார் அதிகம் தருவார்கள்?

2024ல் அமெரிக்க இணைய விளம்பர வருமானம் சுமார் 25,900 கோடி டாலர். அதே ஆண்டில் ஆட்சென்ஸ் சொடுக்குக் கணக்கை விட்டுப் பார்வைக் கணக்குக்கே திரும்பியது. முப்பது ஆண்டு சுற்றி வந்து பழைய இடம்! ஒரே வித்தியாசம், 1994ல் விலையைச் சொன்னது தளம், இப்போது சொல்வது ஏலம். அந்த ஏலக்கூடத்தையும், தளங்கள் தம் விளம்பர இடத்தை விற்கப் பயன்படுத்தும் மென்பொருளையும் கூகிள் சட்டவிரோத ஏகபோகமாக வைத்திருந்தது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

ஆகவே "இணைய விளம்பரம் இத்தனை கோடி வளர்ந்தது" என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பணம் எதற்குத் தரப்படுகிறது? விலையை யார் வைக்கிறார்கள்? நடுவில் நிற்பவர் எடுத்துக்கொள்வது எவ்வளவு? எழுதுகிறவருக்குக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை இந்த மூன்று கேள்விகள்தான் காட்டும்.