வெளியும் சொல்லும்: மாக்ஸ் டேன் விட்டுச்சென்ற வினாக்கள்

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. முப்பரிமாண வெளி பற்றிய கணித ஆராய்ச்சியை அவ்வாறு எழுதுதல் இயலாது. இத்துறையின் மூலவரான பிரெஞ்சு அறிஞர் ஆன்றி புவான்காரே 1900ஆம் ஆண்டிற் கூறிய முடிவொன்றை 1904இல் தாமே தவறெனக் காட்டினார். அவரை அடுத்துவந்த ஜேர்மானிய அறிஞர் மாக்ஸ் டேன் 1910இல் வெளியிட்ட நிறுவலொன்று குறையுடையதென 1929இல் வெளிப்பட்டது. இவ்விரு தவறுகளையும் திருத்த முயன்றோராலேயே துறை வளர்ந்தது எனலாம். டேனின் வாழ்வும் பணியும் இதற்குத் தக்க சான்றாகும்.

நாம் உள்ளேயே வாழும் வெளியை வெளியே நின்று நோக்கி அதன் வடிவத்தை அறிய வழியில்லை. ஆதலால் புவான்காரே 1895இல் வேறொரு வழியைக் கண்டார். ஓரிடத்திற் புறப்பட்டு அவ்விடத்துக்கே மீளும் பாதைகளை அவர் ஆராய்ந்தார். தோடம்பழத்தின் மேலிட்ட நூல்வளையத்தை வழுக்கிச் சுருக்கிப் புள்ளியாக்கிவிடலாம்; வளையலின் உடலைச் சுற்றிக் கட்டிய நூலை அவ்வாறு சுருக்க இயலாது. பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கலாம். வந்தவழியே மீளவும் செய்யலாம். இவ்விதிகளுக்கு அமைந்த தொகுதியைக் கணிதவியலாளர் ‘கூட்டம்’ என வழங்குவர். சுற்றுப்பாதைகள் யாவும் புள்ளியாகச் சுருங்கும் முடிவுள்ள, எல்லையற்ற முப்பரிமாண வெளி கோளத்தின் இயல்பையே உடையதா என்பது அவர் 1904இல் எழுப்பிய வினா.

1878இல் ஹம்பேர்க்கிற் பிறந்து ஹில்பேர்ட்டிடம் பயின்ற டேன், இவ்வழியை மேலும் விரித்தார். அடிப்படைப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை வைப்பின், எந்தப் பயணமும் எழுத்துக்களாலான ஒரு சொல்லாகிவிடும். ஒரு சொல்லைத் தந்தால், அது புறப்பட்ட இடத்திலேயே நின்றதற்குச் சமமானதா என்று முடிவுள்ள படிகளில் தீர்மானிக்க முடியுமா? 1911இல் அவர் வகுத்த இவ்வினா ‘சொற்சிக்கல்’ எனப் பெயர்பெற்றது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ துளைகளுள்ள பரப்புகளுக்கு, சொல்லைப் படிப்படியாகக் குறுக்கி விடைகாணும் எளிய முறையொன்றை 1912இல் அவர் அளித்தார். எல்லாக் கூட்டங்களுக்கும் பொருந்தும் முறை இல்லையென்பதை 1955இல் சோவியத் அறிஞர் நோவிகோவ் நிறுவினார்.

டேனின் 1910ஆம் ஆண்டுக் கட்டுரையிலுள்ள துணைத்தேற்றம் ஒன்றே நீண்ட சோதனைக்கு உள்ளாயிற்று. மூடிய வளைகோடொன்றை விளிம்பாகக் கொண்ட தகடு இடையிலே தன்னைத்தான் ஊடறுத்துச் செல்லலாம். விளிம்பருகே அவ்வாறு ஊடறுக்காதவிடத்து, எங்குமே ஊடறுக்காத வேறொரு தகட்டை அவ்விளிம்புக்குப் பெறலாம் என்பதே அது. முடிச்சுப்போல் தோன்றும் கயிறு உண்மையில் முடிச்சற்றதா என்பதை அதன் கூட்டத்தைக் கொண்டே அறிவதற்கு இத்தேற்றம் ஆதாரமானது. 1929இல் கினேசர் அதன் நிறுவலிலுள்ள இடைவெளியைச் சுட்டினார். தேற்றம் உண்மையா என்பதை அதன்பின் எவராலும் கூறமுடியவில்லை.

அக்காலத்தில் டேன் பிராங்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர். பழைய கணித நூல்களை அவற்றின் மூலமொழிகளிலேயே வாசிக்கும் வரலாற்றுக் கருத்தரங்கொன்று அங்கு 1922 முதல் நடைபெற்றுவந்தது. டேன் முதலாம் உலகப் போரிலே ஜேர்மன் படையிற் பணியாற்றியவர். ஆயினும் யூத மரபினர் என்பதால் நாற்சி அரசு 1935இல் அவரைப் பதவியினின்று நீக்கியது. கருத்தரங்கும் அவ்வாண்டோடு நின்றது. 1938 நவம்பரிற் கைதாகி விடுவிக்கப்பட்ட அவர், 1939இல் நோர்வேக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அந்நாடும் ஜேர்மனியின் வசமாயிற்று. அறுபத்திரண்டு வயதில், சுவீடன், பின்லாந்து, சைபீரியா, யப்பான் வழியாகப் பயணித்து 1941இன் தொடக்கத்தில் அமெரிக்காவை அடைந்தார். நிலையான பதவி எளிதிற் கிட்டவில்லை. 1945 முதல் வட கரோலைனாவிலுள்ள பிளக் மவுண்டன் என்னும் சிறிய கலைக் கல்லூரியிற் கற்பித்து, 1952இல் அங்கேயே காலமானார்.

துணைத்தேற்றத்தின் சரியான நிறுவலை 1957இல் வெளியிட்டவர், கிரேக்கத்திலிருந்து பிரின்ஸ்டனுக்கு வந்த பப்பாகிரியாகோபூலோஸ். வெளியை மேன்மேலும் விரித்து அடுக்கிக் கோபுரமாக்கி, ஒவ்வொரு தளத்திலும் தகட்டின் சிக்கலைக் குறைப்பது அவர் கையாண்ட உத்தி. அதன்பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. முப்பரிமாண வெளிகள் யாவும் எட்டு வகைக் கேத்திரகணிதங்களைக் கொண்ட துண்டுகளாகப் பிரியும் என்ற ஊகத்தை 1982இல் தேர்ஸ்டன் வெளியிட்டார். அதனையும் அதனுள் அடங்கிய புவான்காரேயின் வினாவையும் தீர்க்கும் நிறுவலை 2002, 2003ஆம் ஆண்டுகளில் ருஷ்ய அறிஞர் பெரெல்மான் வெளியிட்டார். தேர்ஸ்டன் எழுப்பிய பிற வினாக்களுள் முக்கியமான சிலவற்றை, வைஸ் முதலியோரின் ஆய்வுகளை ஆதாரமாகக்கொண்டு 2012இல் ஏகோல் தீர்த்துவைத்தார்.

இவற்றுள் டேனின் பணியோடு நேரே தொடர்புடையது குறோமோவ் 1987இல் எழுதிய கட்டுரையாகும். கூட்டத்தையே ஒரு கேத்திரகணித உருவாக நோக்கிய அவர், முக்கோணங்கள் மெலிந்திருக்கும் கூட்டங்களைத் தனி வகையாகப் பிரித்தார். டேனின் சொற்குறுக்க முறை செல்லுபடியாகும் கூட்டங்கள் இவையே. பரப்புகளுக்கென டேன் வகுத்த சிறு முறை, எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒரு பெருந்துறையின் அடையாளமாயிற்று.

வினாக்கள் பிழைத்தன என்பதனால் இழப்பு ஈடுசெய்யப்பட்டது எனக் கொள்ளுதல் தவறாகும். பிராங்போட்டில் ஓர் ஆய்வுமரபு கலைக்கப்பட்டது. அதனிடத்தில் எவை தோன்றியிருக்கக்கூடும் என்பதை எந்தத் தேற்றமும் கூறாது. தமது துணைத்தேற்றம் உண்மையென நிலைநாட்டப்பட்டதையும் டேன் அறியவில்லை. அது நிகழ்வதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார்.