முடியாத இறந்தகாலம்

கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கும் என் பேத்தி போன வாரம் புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, நீங்க பிரெஞ்சுல படிச்சவர்தானே? இந்த இம்பர்ஃபெக்ட் காலத்தைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றாள்.

புதுவையில் நான் படித்த பள்ளியில் அதற்கு 'அம்பர்ஃபே' என்று பெயர். 'ழ ஷான்தே, த்யூ ஷான்தே' என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். காதுக்கு ஒன்றுபோல் இருக்கும். எழுதும்போதுதான் விகுதி மாறும், அடி விழும். அந்த விகுதியின் எழுத்தே ஒரு காலத்தில் வேறாக இருந்தது. வோல்த்தேர் மாற்றச் சொல்லி வாதாடினார். பிரெஞ்சு அகாதெமி ஏற்றது 1835 அகராதியில்தான்.

ஸ்பானிஷில் அந்தத் தொல்லை குறைவு. 'கான்தார்' என்றால் பாடுதல். நான் கான்தாபா, நீ கான்தாபாஸ், அவள் கான்தாபா, நாங்கள் கான்தாபாமோஸ், நீங்கள் கான்தாபாய்ஸ், அவர்கள் கான்தாபான். இந்த 'பா' லத்தீன் சொத்து. அங்கே 'கான்தாபாம்' என்றார்கள். ஸ்பானிஷ் அதைக் காப்பாற்றியது, பிரெஞ்சு தொலைத்துவிட்டது. ஆனால் 'கோமேர்' (சாப்பிடுதல்) போன்ற வினைகளில் ஸ்பானிஷும் தொலைத்தது, அங்கே 'கோமியா'தான். இந்தக் காலத்தில் ஒழுங்கு தப்பும் வினைகள் மொத்தமே மூன்று: இருத்தல், போதல், பார்த்தல்.

1492 ஆகஸ்ட் மாதம் கொலம்பஸ் கப்பலேறினார். அதே மாதம் சலமான்காவில் அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் இலக்கணம் அச்சாகி முடிந்தது. அரசி இசபெல்லுக்குச் சமர்ப்பித்த நூல் அது. அதில் அவர் இந்தக் காலத்துக்கு வைத்த பெயர் 'முடியாத இறந்தகாலம்'.

எனக்கு அது வியப்பாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளில் 'முடிந்தது' என்று எழுதிக் கட்டிவைத்த குமாஸ்தா நான். நடந்துபோனது என்றாலே முடிந்தது என்றுதான் என் கணக்கு.

பேத்தி பயிற்சிக்காக ஒரு வாக்கியம் எழுதினாள்: 'மி அபுவேலா கான்தாபா.' "பாட்டி பாடினாங்கன்னு அர்த்தமா தாத்தா?" என்று கேட்டாள்.

ஒருநாள் பாடி முடித்ததற்கு 'கான்தோ' என்று வேறு வடிவம் உண்டு. இது அதுவல்ல. "பாடினாங்க இல்லைம்மா, பாடுவாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பழைய வழக்கத்தைச் சொல்ல நம் தமிழ் எதிர்கால வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது.

என் மனைவி போய் மூன்று வருடமாகிறது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டே மெல்லப் பாடுவாள்.