கல்கத்தாவில் கற்ற தொழில்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபொழுது நாம் சிறிது தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டும் சரக்குக் கணக்கும் எழுதிப் பிழைக்கும் எழுத்தர். ஆயினும், வங்க நாட்டிலே வந்து குடியேறிய தமிழராகிய நமக்கும், தென்பாண்டிச் சீமையின் வறண்ட ஊர் ஒன்றுக்கும் இடையே பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதனை நம் இளைஞர் பலர் அறியார். காலம் மாறுங்கால் கலங்கி நிற்போர்க்கு அவ்வரலாறு ஒரு கைவிளக்காகும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

இற்றைக்கு நூறாண்டுகட்கு முன்னர் இருந்த சிவகாசியை முதலில் மனக்கண்முன் நிறுத்துவோமாக. கரிசல் மண், வான் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் புழுதியே விளையும். பெருகி ஓடும் ஆறு அவ்வூரில் இல்லை. வணிகத்தால் உயர்ந்த நாடார் பெருமக்கள் அங்கு வாழ்ந்தனர். வணிகத்தின் ஒரு பகுதியை ‘மகமை’ என்னும் பெயரால் பொதுநிதியாகச் சேர்த்து, பள்ளியும் கோயிலும் பேணும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆனால் வணிகம் வாங்கி விற்பதேயன்றி, ஆயிரம் கைகளுக்கு வேலை தருவதன்று. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போர் விலைவாசியை ஏற்றிவிட்டுச் சென்றது. மழையும் கைகொடாத ஆண்டுகளில் உழவரும் கூலியாட்களும் பட்ட பாடு சொல்லி முடியாது.

இனித் தீப்பெட்டியின் கதைக்கு வருவோம். அக்காலத்தில் நம் நாட்டு அடுப்பை மூட்டிய தீக்குச்சி பெரும்பாலும் கப்பலில் வந்ததேயாகும். சுவீடன் நாடு அனுப்பியது; போர்க்காலத்தில் அவ்வரவு குன்றவே, ஜப்பான் நாடு அவ்விடத்தை நிரப்பியது. போர் முடிந்தபின் அரசாங்கத்தின் கருவூலம் வற்றியிருந்தது. வருவாயைப் பெருக்கும் பொருட்டு, 1922ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தீப்பெட்டியின்மீது குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதித்தனர். ஒரு குரோசு என்பது 144 பெட்டி. ஒன்றரை ரூபாய்க்கு அக்கால நாணயக் கணக்கில் 288 பை. ஆகவே பெட்டி ஒன்றுக்கு 2 பை வரி. காண்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் சரக்கின் அடக்கவிலையோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய சுமை. இந்த வரியைப் பற்றிப் பலரும் செய்தித்தாளில் படித்திருப்பர். விலை ஏறியதென்று முணுமுணுத்திருப்பர். வெளிநாட்டுப் பெட்டிக்கு 2 பை கூடுகிறதென்றால், உள்நாட்டில் செய்பவனுக்கு அந்த 2 பை இடம் கிடைக்கிறதென்று பொருள். அதனைப் பயன்கொள்ளத் துணிந்தவர் சிலரே.

அச்சிலருள் இருவர் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் ஆவர். இருவரும் உறவினர்; இளைஞர். தீப்பெட்டித் தொழில் கல்கத்தாவில் நடைபெறுவதை அறிந்து, அதனைக் கற்கும் பொருட்டு 1922இல் அந்நகருக்குப் புறப்பட்டனர். கல்கத்தாவில் குடியேறியிருந்த ஜப்பானியர் சிலர் எளிய கருவிகளைக் கொண்டு தீக்குச்சி செய்துவந்தனர். அவர்களிடமிருந்து வங்காளிகளும் கற்றுக்கொள்ள, நகரைச் சுற்றிலும் சிறு சிறு பட்டறைகள் எழுந்திருந்தன.

புகைவண்டித் துறையில் ஊழியம் புரியும் நமக்கு, அவ்விருவரின் பயணத்தை எண்ணிப் பார்ப்பதில் தனி இன்பம் உண்டு. சிவகாசிக்கு அப்பொழுது புகைவண்டியே கிடையாது. விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் பாதை 1927இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ வண்டி கட்டிச் சென்று, 1876 முதல் ஓடிவந்த மதுரை – தூத்துக்குடிப் பாதையில் ஏறியிருத்தல் வேண்டும். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரல் நிலையத்தில் அகலப்பாதை வண்டிக்கு மாறி, ஆந்திர நாட்டையும் ஒரிசாவையும் கடந்து, நம் கரக்பூர் நிலையத்தின் வழியாகவே ஹௌராவை அடைந்திருப்பர். நாள்தோறும் நாம் காணும் இத்தண்டவாளத்தின்மீதுதான் சிவகாசியின் எதிர்காலம் ஒருமுறை சென்று மீண்டது என்று நினைக்குந்தோறும் நம் உள்ளம் சிலிர்க்கிறது.

மொழி தெரியாத ஊர், பழக்கமற்ற உணவு. சொந்த ஊரில் மதிப்புடன் வாழ்ந்த குடும்பத்தினர், பிறர் பட்டறையில் நின்று தொழிலைக் கற்றனர். குச்சி சீவுதல், மருந்து கூட்டுதல், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரம் பூசுதல் ஆகியவற்றைக் கண்ணால் கண்டால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டின் அளவு பிழைத்தால் குச்சி பற்றாது, அல்லது பற்றக்கூடாத நேரத்தில் பற்றும். இத்தகைய தொழிலைப் பணத்தை அனுப்பி விலைக்கு வாங்க இயலாது.

1923இல் ஊர் திரும்பியவர்கள் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துத் தொழிலைத் தொடங்கினர். தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. எனினும் அடக்கச் செலவு மிகுந்து, இயந்திரம் வருவாயை விழுங்கலாயிற்று. இவ்விடத்தில்தான் பலர் கடையைக் கட்டிவிடுவது வழக்கம். அவர்களோ தம் ஊரில் எது மலிவாகக் கிடைக்கிறது என்று நோக்கினர். வெயில் மலிவு, வேலை தேடும் கைகளும் மலிவு. நனைந்த குச்சியும் முக்கிய மருந்தும் உலர்வதற்குக் காய்ச்சல் அறை வேண்டியதில்லை, முற்றமே போதும். மழை பெய்யாமையைச் சாபமாகக் கருதிய ஊரில், அம்மழையின்மையே மூலதனமாயிற்று! இயந்திரத்தை விடுத்துக் கைத்தொழிலாக மாற்றினர். பெட்டி ஒட்டும் வேலை வீடுதோறும் சென்றது. கட்டை அடுக்குதலும் மருந்து முக்குதலும் தொழிற்கூடத்தில் நிகழ்ந்தன. மெல்லிய மரம் கேரள நாட்டு மலைகளிலிருந்து வந்தது. அவ்வட்டார மக்கள் அத்தொழிற்கூடத்தைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றே வழங்கலாயினர். ஆபீஸ் என்றால் நாற்காலியும் கோப்பும் என்று எண்ணும் நம் போன்றோர்க்கு அப்பெயர் ஒரு பாடமே.

வரி என்னும் மதில் உள்நாட்டாருக்கு மட்டும் நிழல் தரவில்லை என்பதையும் கூறல் வேண்டும். சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம், வெளியே நின்று வரி கட்டுவதைக் காட்டிலும் மதிலுக்குள்ளேயே புகுந்துவிடுவது நலமெனக் கண்டது. 1923இல் ‘விம்கோ’ என்னும் பெயரில் இந்தியாவிலேயே கம்பெனி தொடங்கி, பம்பாயை அடுத்த அம்பர்நாத் முதலிய இடங்களில் இயந்திர ஆலைகளை நிறுவியது. கற்பித்த கல்கத்தாவின் சிறு பட்டறைகள் நாளடைவில் தேய்ந்தன. கற்றுச் சென்ற சிவகாசி நிலைத்தது. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் ஆயத்தீர்வை வந்தது. அதனையும் தாங்கினர். விடுதலைக்குப் பின் கையால் செய்யும் சிறு தொழிலுக்கு அரசு தீர்வையில் சலுகை அளித்தது. கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் எனத் தொழில் பரவியது.

ஒரு தொழிலின் வயிற்றில் மற்றொரு தொழில் பிறப்பதையும் சிவகாசியில் காணலாம். அவ்விரு உறவினரும் பின்னர்த் தனித்தனியே தொழில் நடத்தினர். ஒருவர்க்கு அணில் சின்னம். மற்றவர்க்குக் காக்கைச் சின்னம். எழுத்தறியாத மக்கள் படத்தைப் பார்த்தே பெட்டியை வாங்கினர். ஆதலின் வண்ணப்படச் சீட்டு வேண்டியதாயிற்று; அதற்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் பிறந்தன. இரண்டாம் உலகப்போரினால் வெளிநாட்டு வாணம் வருவது தடைப்பட்டது. 1940இல் வெடிபொருள் விதிகளும் வந்தன. அதன்பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. இவ்வூரை ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு பெருமகனார் புகழ்ந்ததாகக் கூறுவர். ஜப்பானியர் கல்கத்தாவில் ஏற்றிய சிறு சுடரிலிருந்து பற்றிய ஊருக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இத்துடன் கட்டுரையை முடித்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுமை பெறாது. ‘கைகள் மலிவு’ என்று மேலே எழுதினோமே, அக்கைகளுள் குழந்தைகளின் கைகளும் இருந்தன. விடியுமுன் ஊர் ஊராகச் சென்ற வண்டிகள் பள்ளிப் பருவத்துச் சிறுமியரை ஏற்றிவந்த காலம் உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. 2012இல் முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே அவ்விருவரின் ஊக்கத்தைப் போற்றும் நாம், அத்தொழிலுக்காகப் பள்ளியை இழந்தவரையும் உயிரை இழந்தவரையும் மறத்தல் அறமன்று.

காலம் சிவகாசியையும் மீண்டும் சோதிக்கிறது. வெளிநாட்டுத் தீமூட்டி வந்தது. மின்பொறி அடுப்பு வந்தது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. 20 ரூபாய்க்குக் குறைந்த தீமூட்டிகளின் இறக்குமதியை நடுவண் அரசு 2023இல் தடை செய்தது. நூறாண்டுக்கு முன்பு போலவே வரியும் தடையும் கதவைத் திறக்கின்றன, மூடுகின்றன. கதவு எக்காலமும் திறந்தே இருக்கும் என்று நம்பித் தூங்குபவன் ஏமாறுவான்.

இவையெல்லாம் இருக்க, நாம் இதனை எழுத நேர்ந்த காரணம் நம் இல்லத்திலேயே உள்ளது. தந்தையார் பணியிலிருக்கும்பொழுதே காலமானமையால் நாம் இளமையிலேயே இத்துறையில் சேர்ந்தோம். அந்நாளில் நம் சாளரத்தின் முன் வரிசை தெருவரை நீண்டிருக்கும். 2002இல் இணையவழிப் பயணச்சீட்டு வந்தது; பின்னர் அது கைப்பேசிக்குள்ளேயே புகுந்தது. வரிசை குறுகியது, நாற்காலிகளும் குறைந்தன. எனினும் நம் மகன் பட்டம் பெற்றவுடன், “இரயில்வேத் தேர்வு எழுதிக் காத்திரு” என்பதே நாம் கூறிய அறிவுரை. மூன்றாண்டுகள் காத்திருந்தான். சென்ற ஆண்டு ஒரு மாலை, “அப்பா, தேர்வும் எழுதுகிறேன். ஆனால் அதுவரை கைகட்டி இருக்க மனம் ஒப்பவில்லை. ஊரெங்கும் டோட்டோ வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் மின்கலம் பழுதானால் பார்ப்பதற்கு ஆள் போதவில்லை. வங்காளி மிஸ்திரி ஒருவர் கற்றுத்தர இசைந்துள்ளார், போகட்டுமா?” என்றான்.

நாம் சினந்தோம் என்பதை மறைக்கவில்லை. மூன்று தலைமுறையாக இரயில்வே ஊழியம் செய்த குடும்பத்துப் பட்டதாரி, தெருவோரப் பட்டறையில் கரிக்கையோடு நிற்பதா என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவுப் பணியில், சென்னை அஞ்சல் வண்டி நம் நிலையத்தில் வந்து நின்றபொழுது, 1922இல் இவ்வழியே சென்ற அவ்விருவரின் நினைவு எழுந்தது. அவர்தம் வீட்டிலும் ஒரு பெரியவர் சினந்திருப்பாரோ? “தீக்குச்சி சீவவா கல்கத்தா போகிறாய்?” என்று கேட்டிருப்பாரோ? மாறும் காலத்தில் முதலில் வேண்டுவது பெருமுதல் அன்று. கற்பதற்கு நாணாத உள்ளமே என்பது நமக்கு அப்பொழுதுதான் தெளிந்தது. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அடுத்தே மடியின்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊக்கத்தை மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, ஆணை வரும்வரை சோம்பியிருத்தல் தகாது என்பதற்காகவே போலும்!

மறுநாள் காலை இசைவு அளித்தோம். இரண்டு நிபந்தனைகளை மட்டும் விதித்தோம். ஒன்று, வரவு செலவுக் கணக்கைத் தன் கையாலேயே நாள்தோறும் எழுதுதல். மற்றொன்று, எக்காலத்தும் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவனைப் பட்டறையில் உதவிக்கு வையாமை. இரண்டிற்கும் உடன்பட்டான். அவன் தொழில் தழைக்குமோ, இல்லையோ, காலமே விடை கூறும். ஆனால் மாலையில் கரியும் அமில நெடியுமாக வீடு திரும்புகையில் அவன் முகத்தில் காணும் தெளிவு, தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மூன்றாண்டுகளில் நாம் காணாதது.

நம் சங்கத்து இல்லங்களில் இவ்வாறு காத்திருக்கும் இளைஞர் பலர் உளர். சினந்து நிற்கும் பெற்றோரும் உளர். இவ்விழா நாளில் இருசாராரும் ஒருவரோடொருவர் அமர்ந்து உரையாட இவ்வரலாறு துணையாகுமேல், அதுவே நாம் பெற்ற பேறாகும்.

வளர்க தமிழ்! வாழ்க நம் சங்கம்!